நிதி திரட்டும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணம்: வழியில் வரும் கோளாறுகளை அறிகுறி பார்த்து நீக்கும் முறை

நற்பணிக்காக நிதி திரட்டும் நெடுந்தூரப் பயணங்களில் பங்கேற்பவர்களில் பெரும்பாலோர் பந்தய வீரர்கள் அல்லர். அன்றாடம் பத்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள் ஒரே நாளில் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் போகும்போது, அதுவரை வெளியே தெரியாமல் இருந்த சிறு குறைகள் வண்டியிலும் உடலிலும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன. இத்தகைய பயணங்களின் இளைப்பாறும் நிலையங்களில் பழுதுபார்க்கும் தன்னார்வலர்களிடம் திரும்பத் திரும்ப வந்து சேரும் கோளாறுகள் மிகச் சிலவே. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே தந்திருக்கிறேன். ஒவ்வொரு தலைப்பிலும் எளிய காரணம் முதலிலும், பணமும் நேரமும் அதிகம் பிடிக்கும் காரணம் கடைசியிலும் வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: சாலையை விட்டு முழுமையாக விலகி, பின்னால் வருபவர்களுக்குக் கை காட்டிவிட்டு நில்லுங்கள். சாலை ஓரக் கோட்டின் மேல் குனிந்து பஞ்சர் பார்ப்பது, பஞ்சரை விடப் பெரிய ஆபத்து.

## டயரில் காற்று இறங்கிவிட்டது

டியூபை மாற்றிவிட்டு உடனே கிளம்புபவர் ஐந்து கிலோமீட்டருக்குள் மறுபடியும் நிற்பதை எல்லாப் பயணங்களிலும் காணலாம். துளையின் காரணம் டயருக்குள்ளேயே இருக்க, டியூபை மட்டும் மாற்றுவதால் வரும் வினை அது. ஆகவே டியூபை வெளியே எடுக்கும் முன், வால்வு டயரின் எந்த எழுத்துக்கு நேராக இருக்கிறது என்று பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டியூபில் துளை எங்கே என்று தெரிந்ததும், அதை டயரோடு பொருத்திப் பார்த்தால் முள் இருக்கும் இடம் தானாகவே தெரிந்துவிடும்.

பழைய டியூபில் காற்றடித்து, காதருகே அல்லது ஈரமான உதட்டருகே மெல்லச் சுற்றிப் பாருங்கள். துளை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும்.

### துளை டியூபின் வெளிப்புறத்தில், சாலையை நோக்கிய பக்கத்தில் இருந்தால்

முள், கண்ணாடித் துண்டு, அல்லது தேய்ந்துபோன லாரி டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய எஃகுக் கம்பி இழை ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். இவற்றுள் மூன்றாவது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. டயரின் உட்புறத்தை ஒரு துணியால் முழுச் சுற்றும் துடைத்துக்கொண்டே வாருங்கள்; இழை இருக்கும் இடத்தில் துணி சிக்கும். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும். சிக்கியதை நகத்தாலோ சிறு இடுக்கியாலோ பிடுங்கிய பிறகே புது டியூபைப் போட வேண்டும்.

### இரண்டு துளைகள் அருகருகே, பாம்பு கடித்ததைப் போல இருந்தால்

குழியிலோ சாலையின் விளிம்பிலோ மோதியபோது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையில் நசுங்கியிருக்கிறது. முள்ளைத் தேட வேண்டியதில்லை. காற்று போதவில்லை என்பதுதான் செய்தி. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளைப் பார்த்து அவற்றுக்கு இடையில் நிரப்புங்கள். உடல் எடையும் பைகளின் சுமையும் கூடக் கூட, அந்த இடைவெளியின் மேற்பகுதியை நோக்கிப் போக வேண்டும். கைப்பம்பால் அடிக்கும்போது பலரும் பாதியிலேயே களைத்து நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த நிலையத்தில் நின்றடிக்கும் பெரிய பம்பு கிடைத்ததும் அளவு பார்த்து நிறைவு செய்யுங்கள்.

### துளை உட்புறத்தில், ரிம் பக்கமாக இருந்தால்

ரிம்முக்குள் ஒட்டியிருக்கும் நாடா விலகி, ஆரக்கம்பித் துளையின் விளிம்போ ஆரக்கம்பியின் முனையோ டியூபை அறுக்கிறது. நாடாவை நடுவுக்கு நகர்த்துங்கள். நாடா கிழிந்திருந்தால், மின்வேலைக்குப் பயன்படும் ஒட்டுநாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி அன்றைய பயணத்தை முடித்துக்கொள்ளலாம். மாலையில் புது ரிம் நாடா போட வேண்டும்.

### வால்வின் அடியில் கிழிந்திருந்தால்

இந்த டியூபை ஒட்ட முடியாது. குறைந்த காற்றோடு ஓட்டியதால் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து வால்வை இழுத்திருக்கும், அல்லது பம்பைப் பொருத்தும்போதும் எடுக்கும்போதும் வால்வு பக்கவாட்டில் ஆடியிருக்கும். பம்பு அடிக்கும் கையை ஒரு விரலால் ஆரக்கம்பியில் ஊன்றிக்கொண்டால் வால்வு ஆடாது.

### துளையே தெரியவில்லை, ஆனால் காலையில் டயர் தளர்ந்திருக்கிறது

முந்தைய நாள் கார்பன் டை ஆக்சைடு குப்பியால் நிரப்பியிருந்தீர்களா என்று முதலில் நினைத்துப் பாருங்கள். அந்த வாயு ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றை விட வேகமாகக் கசியும். அது பஞ்சர் அன்று. பம்பால் சாதாரணக் காற்றை நிரப்பினால் போதும். அப்படி இல்லையென்றால், மெல்லிய பிரெஸ்டா வகை வால்வின் நுனித்திருகு முழுவதும் மூடியிருக்கிறதா என்றும், வால்வின் உள்ளகம் கழலும் வகையாக இருந்தால் அது இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

### பக்கச்சுவர் கிழிந்து டியூப் வெளியே துருத்துகிறது

டயரின் உட்புறத்தில், கிழிசலுக்கு நேராக, மடித்த ரூபாய்த்தாளையோ தடித்த உணவு உறையையோ வைத்து, வழக்கத்தை விடக் குறைவான காற்றோடு அடுத்த நிலையம் வரை மெல்லப் போகலாம். அங்கே டயரை மாற்றியே ஆக வேண்டும். இந்த நிலையில் செங்குத்தான இறக்கத்தில் இறங்கவே கூடாது. முன்சக்கரமாக இருந்தால் ஓட்டவும் கூடாது, துணை வண்டியை அழையுங்கள்.

டியூப் இல்லாத டயர் வைத்திருப்பவர்கள், அடைப்புத் திரவம் துளையை மூட ஒரு நிமிடம் கொடுங்கள். துளையைக் கீழ்ப்பக்கம் வைத்துச் சக்கரத்தை நிறுத்தினால் திரவம் அங்கே சேரும். மூடவில்லையென்றால் துளைக்குள் திணிக்கும் செருகுதிரி, அதுவும் தவறினால் உள்ளே சாதாரண டியூப். டியூபைப் போடுமுன் டயருக்குள் மாதக்கணக்கில் சேர்ந்திருக்கும் முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். திரவம் அதுவரை அவற்றை மறைத்து வைத்திருந்திருக்கும்.

## கியர் தானாகத் தாண்டுகிறது, அல்லது மாற்றினால் மாறுவதில்லை

### சில நாள்களாகச் சிறுகச் சிறுகக் கெட்டு வந்தது

கியரை இழுக்கும் கம்பிவடம் தளர்ந்திருக்கிறது. செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பின்புற டீரெய்லருக்குள் வடம் நுழையும் இடத்திலோ கைப்பிடி அருகிலோ விரலால் திருகக்கூடிய உருளை ஒன்று இருக்கும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், பின்னால் நின்று பார்க்கும்போது எதிர்க்கடிகாரத் திசையில் கால் சுற்றுத் திருகி, மிதித்துப் பார்த்து, தேவையானால் மீண்டும் கால் சுற்று. சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் கடிகாரத் திசையில். ஒரே நேரத்தில் முழுச் சுற்றாகத் திருகுபவர்கள் எங்கிருந்து தொடங்கினோம் என்பதையே இழந்துவிடுகிறார்கள். டீரெய்லர் நகரும் எல்லையைக் கட்டுப்படுத்தும், எச், எல் என்று குறித்த இரண்டு சிறு திருகுகளை வழியில் தொட வேண்டாம். அவை தாமாக மாறுவதில்லை, ஆகவே அவை காரணமாக இருப்பது அரிது.

### புதுச் செயின் போட்ட மறுநாளே, மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது தாண்டுகிறது

பயணத்துக்கு முந்தைய வாரம் அக்கறையோடு செயினை மாற்றியவர்களுக்கு வரும் கோளாறு இது. பழைய பல்சக்கரங்களின் பற்கள் பழைய செயினுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். புதுச் செயின் அவற்றில் உட்காராது. அதிகம் தாண்டுவது நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் இரண்டு மூன்று பல்சக்கரங்களில் மட்டுமே என்பதால், அவற்றைத் தவிர்த்து மற்றவற்றில் ஓட்டி அன்றைய நாளை முடிக்கலாம். தீர்வு கேசட்டை, அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியை, மாற்றுவதே.

இந்தச் செலவைத் தவிர்க்க வேண்டுமானால், செயினை முன்கூட்டியே ஓர் அளவுகோலால் அளந்து வைத்திருக்க வேண்டும். ஓர் ஊசியின் நடுவிலிருந்து 24 கண்ணிகள் தள்ளியுள்ள ஊசியின் நடு வரை புதுச் செயினில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். அது ஒன்றரை மில்லிமீட்டர் கூடியதும் செயினை மட்டும் மாற்றினால் கேசட் தப்பும். மூன்று மில்லிமீட்டர் கூடும் வரை விட்டால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். மாற்றியபின் குறைந்தது நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்த பிறகே பயணத்துக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இது செயினுக்கு மட்டுமன்று. புது இருக்கை, புதுக் காலணி, புது டயர் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

### வண்டி வலப்பக்கம் விழுந்த பிறகு தொடங்கியது

டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. பின்னால் நின்று பாருங்கள்: டீரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும் மேலுள்ள பல்சக்கரத்தோடு ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றவே கூடாது. டீரெய்லர் ஆரக்கம்பிகளுக்குள் சிக்கினால் சக்கரம், டீரெய்லர், சில நேரம் சட்டகம் கூட ஒரே நொடியில் வீணாகும். கையால் வளைத்து நேராக்க முயல வேண்டாம். நடுப் பல்சக்கரங்களில் மட்டும் ஓட்டிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் போங்கள். அளவுகருவி வைத்து அவர் சில நிமிடங்களில் நேராக்கிவிடுவார். உங்கள் வண்டிக்குரிய மாற்று ஹேங்கர் ஒன்றைப் பையில் வைத்திருப்பது நன்று. ஒவ்வொரு வண்டிக்கும் அது வேறுபடுவதால் நிலையத்தில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

## மிதிக்கும்போது கிறீச்சென்றோ டக்டக்கென்றோ சத்தம்

சத்தம் வரும் இடத்தைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. சட்டகம் முழுவதும் அதைக் கடத்தும். பதிலாக, எப்போது வருகிறது என்று பாருங்கள். மிதிப்பதை நிறுத்தி உருண்டு போகும்போதும் வருமானால் சக்கரத்திலோ டயரிலோ இருக்கிறது. பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வருமானால் பெடல், பெடலைத் தாங்கும் கையான கிராங்க், அல்லது கிராங்க் சுழலும் அடித்தண்டின் பேரிங். எழுந்து நின்று மிதித்தால் நிற்குமானால் இருக்கையோ அதன் தண்டோ.

இருக்கைத் திருகு, பெடல், கிராங்கின் திருகுகள் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே இறுக்கிப் பாருங்கள். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது என்பதை மறக்கக் கூடாது. அதை இறுக்குவது எதிர்க்கடிகாரத் திசையில். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதென்றால் அங்கேயே நிறுத்துங்கள். தளர்ந்த கிராங்கோடு சில கிலோமீட்டர் ஓட்டினாலே அதன் துளை பாழாகிவிடும். வண்ணப்பூச்சில் மயிரிழை போன்ற கோடு தெரிந்து, அதன் அருகிலிருந்து சத்தம் வந்தால் ஓட்ட வேண்டாம். அது வெறும் கீறலா விரிசலா என்பதைப் பயின்றவர் பார்த்துச் சொல்லட்டும்.

## பிரேக் பிடிப்பதில்லை, அல்லது உரசுகிறது

நெம்பைப் பிடித்தால் கைப்பிடி வரை வந்துவிடுகிறதா? வடத்தால் இயங்கும் பிரேக்காக இருந்தால் கட்டைகள் தேய்ந்ததால் இடைவெளி கூடியிருக்கும். திருகு உருளையை வெளிநோக்கித் திருகினால் சரியாகும். கட்டையின் மேலுள்ள பள்ளங்கள் மறைந்துவிட்டால் கட்டையை மாற்ற வேண்டும். எண்ணெயால் இயங்கும் பிரேக்காக இருந்தால், சில முறை விட்டுவிட்டுப் பிடித்துப் பாருங்கள். அதனால் இறுகி, மீண்டும் தளர்ந்தால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. இதை வழியில் சரிசெய்ய முடியாது. பழுதுபார்ப்பவர் பார்க்கும் வரை இறக்கங்களை நடந்தே கடக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றிய நிலையில் நெம்பைப் பிடிப்பதாலேயே தட்டு பிரேக்கின் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது தட்டையான நெம்பியால் அவற்றை மெல்லப் பிரித்துச் சக்கரத்தைப் போடுங்கள்.

தட்டு உரசினால், பிரேக் பெட்டியைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் சற்றே தளர்த்தி, நெம்பை இறுகப் பிடித்தபடியே திரும்ப முடுக்குங்கள். பத்தில் எட்டு முறை இதுவே போதும். தட்டு அலறினால் அதில் செயின் எண்ணெய் தெறித்திருக்கலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். கட்டைகள் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் மாற்றுவதே வழி. நீண்ட இறக்கத்துக்குப் பிறகு தட்டைக் கையால் தொடாதீர்கள்.

## சக்கரம் கோணலாகச் சுற்றுகிறது

ஆரக்கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். ஒன்று தொளதொளவென்றிருந்தாலோ முறிந்திருந்தாலோ கை உடனே சொல்லும். முறிவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், செயின் பக்கத்தில், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை ஒட்டிய வளைவில்தான். முறிந்த கம்பியை அடுத்த கம்பியோடு சுற்றியோ ஒட்டுநாடாவால் கட்டியோ வையுங்கள். ரிம் பிரேக்காக இருந்தால், உரசாதபடி அதன் விரைவுத்திறப்பைத் தளர்த்துங்கள். தளர்த்தியபின் அந்தப் பிரேக் வலுவிழந்துவிடும் என்பதால் அடுத்த பிரேக்கை நம்பியே மெல்லப் போக வேண்டும். முப்பத்திரண்டு கம்பிகள் கொண்ட சக்கரம், அவற்றில் ஒன்று முறிந்தாலும் ஓரளவு தாங்கும். இருபதோ அதைச் சற்றே ஒட்டிய எண்ணிக்கையோ கொண்ட சக்கரம் தாங்காது. ஒரே பயணத்தில் இரண்டாவது கம்பியும் முறிந்தால் சக்கரம் முழுவதும் சோர்ந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

## முழங்கால் வலிக்கிறது

வண்டியை விட உடலின் கோளாறுகளுக்குத்தான் பங்கேற்பாளர்கள் பயணத்தை இடையில் விடுகிறார்கள். அவற்றில் முழங்கால் வலி மிகப் பரவலான ஒன்று. வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டச் சொன்னால் பாதித் தீர்வு கிடைத்துவிடும்.

முன்பக்கம், சில்லுக்குக் கீழேயோ சுற்றியோ: முதலில் கியரைக் குறையுங்கள். கடினமான கியரில் மெல்ல அழுத்தி மிதிப்பதே மிகப் பரவலான காரணம். நிமிடத்துக்கு எண்பது முதல் தொண்ணூறு சுற்று வரும்படி இலகுவான கியரைத் தேர்ந்தெடுங்கள். அரைமணி நேரத்தில் குறையவில்லையென்றால் இருக்கை தாழ்ந்திருக்கலாம். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதை விடத் தாழ்ந்திருந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள்.

பின்பக்கம், மடிப்பில்: இருக்கை உயரமாக இருக்கிறது. இடுப்பு இருபுறமும் ஆடுகிறதா என்று பின்னால் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் அதே அளவு தாழ்த்துங்கள்.

பக்கவாட்டில்: காலணியைப் பெடலோடு பூட்டும் கிளீட்டின் கோணம் தவறியிருக்கலாம். கீழே தொங்கும்போது உங்கள் பாதம் இயல்பாக எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதே கோணத்தில் கிளீட் நிற்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், சிறிதாக மாற்றி, இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததை மாற்ற வேண்டும். மூட்டு வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போதும் வலித்தாலோ பயணத்தை அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். வலிமாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு ஓட்டுவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள், நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யக்கூடியவை. கீழே சொல்லப்போகும் சோடியக் குறைவுக்கும் அவை துணைபோகும்.

## கை மரத்துப்போகிறது, கழுத்து நிற்க மறுக்கிறது

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் அல்நார் நரம்பு நசுங்குகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள், மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள். பிறகு இருக்கையைப் பாருங்கள்: அதன் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கி எடை முழுவதும் கையில் விழும். மட்டமாக வைத்தாலே பலருக்குக் குணமாகிறது. அதற்கும் குறையவில்லையென்றால் கைப்பிடியை உயர்த்த வேண்டும். விரல்களில் வலு குறைந்து பொத்தான் போடவோ பிரேக் நெம்பைப் பிடிக்கவோ முடியாமல் போனால் ஓட்டுவது பாதுகாப்பன்று. பயணம் முடிந்தும் சில நாள்களில் உணர்வு திரும்பவில்லையென்றால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழுத்து வலி பெரும்பாலும் தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கினால் குறையும். ஆனால் பல நாள் தொடரும் பயணங்களில் தலையைத் தாங்கும் தசைகள் முற்றிலும் சோர்ந்து, தலையை நிமிர்த்தவே முடியாமல் போவதுண்டு. 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மருக்கு நேர்ந்ததால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. சாலையைப் பார்க்க மோவாயைக் கையால் தாங்க வேண்டியிருந்தால், ஓட்டும் தகுதி அன்றைக்கு முடிந்துவிட்டது.

## அமர முடியவில்லை

பஞ்சு வைத்த காற்சட்டைக்குள் உள்ளாடை அணிந்திருக்கிறீர்களா என்பது முதல் கேள்வி. அணியக் கூடாது, தையல்தான் தோலை அறுக்கிறது. இரண்டாவது, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று மிதிக்கிறீர்களா என்பது. மூன்றாவது, உராய்வைக் குறைக்கும் களிம்பு. அன்றைய ஓட்டம் முடிந்ததும் ஈரக் காற்சட்டையோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்காமல் உடனே கழுவி, உலர்த்தி, தளர்வான உடையை அணியுங்கள். துவைக்காத காற்சட்டையை மறுநாள் அணிவதே புண்ணைக் கொப்புளமாக்குகிறது.

சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். இந்த இடத்தைக் காட்டக் கூச்சப்பட்டு இரண்டு நாள் மறைத்து, பின்னர் அறுவை வரை போனவர்கள் உண்டு. பிறப்புறுப்பில் மரமரப்பு வந்தால் இருக்கையின் மூக்கைச் சற்றே தாழ்த்துங்கள். ஓய்வுக்குப் பிறகும் அது நீடித்தால் அதே இருக்கையோடு, அதே நிலையில் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

## திடீரென்று சோர்வு, தலைசுற்றல், குமட்டல்

இந்த ஓர் அறிகுறியின் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்றுக்குச் செய்யும் சிகிச்சை மற்றொன்றைக் கொல்லும் நோயாக மாற்றக்கூடும். ஆகவே உடனே தண்ணீரை நீட்டாமல், முதலில் கேளுங்கள்: கடைசி இரண்டு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு குடித்தீர்கள், எப்போது சிறுநீர் கழித்தீர்கள்?

### சாப்பிடவே இல்லை. கால் கனக்கிறது, கை நடுங்குகிறது, மனம் சோர்கிறது

உடலில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்துவிட்டது. இனிப்பு பானமோ பழமோ கொடுத்து, நிழலில் கால் மணி நேரம் உட்கார வையுங்கள். தெளிந்துவிட்டால் மெல்லத் தொடரலாம். நெடுந்தூரத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, பசி எடுப்பதற்கு முன்பிருந்தே, சிறிது சிறிதாக உள்ளே போக வேண்டும். நிலையத்தில் மொத்தமாக உண்டுவிட்டு இடையில் வெறும் வயிற்றோடு ஓட்டுவது அதே இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடும்.

### குடித்தது குறைவு. வாய் வறண்டு, சிறுநீர் அடர் மஞ்சளாக, வெயில் கடுமையாக

நிழல், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், ஓய்வு. ஆனால் பேச்சு குழறினாலோ, தடுமாறினாலோ, சண்டைக்கு வருவது போல நடந்துகொண்டாலோ அது வெப்பத்தாக்கு. வியர்வை வடிந்துகொண்டிருப்பதால் அது வெப்பத்தாக்கு அன்று என்று எண்ணிவிடாதீர்கள்; உழைப்பால் வரும் வகையில் வியர்வை நிற்காமலே இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும் வரை காத்திராமல் உடனே குளிரூட்டத் தொடங்குங்கள்: குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது மிக நன்று, இயலாவிட்டால் உடல் முழுவதும் நீரூற்றி விசிறி, ஈரத் துணிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

### ஒவ்வொரு நிலையத்திலும் வயிறு முட்டக் குடித்திருக்கிறார்; தலைவலி, வாந்தி, மோதிரமும் கையுறையும் இறுகிவிட்டன

இதுதான் அதிகம் தவறவிடப்படுவது. உடலின் தேவையை விட மிகுதியாக நீர் சேர்ந்து, இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போயிருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக ஓட்டுபவர்களுக்கு, அதாவது இத்தகைய பயணங்களின் கடைசி வரிசையில் வருபவர்களுக்கே, இந்த ஆபத்து கூடுதல். அவர்களிடம்தான் தன்னார்வலர்கள் அன்போடு மேலும் மேலும் தண்ணீரைத் தருகிறார்கள். வெறும் தண்ணீரை நிறுத்துங்கள். தெளிவாகப் பேசி விழுங்க முடிந்தால் உப்பு மிகுந்த குழம்புச்சாறு போன்றதைச் சிறிதளவு தரலாம். குழப்பமோ வலிப்போ வந்தால் வாய்வழி எதுவும் தராமல், மிகுதியாகக் குடித்த செய்தியையும் சேர்த்துச் சொல்லி அவசர உதவியை அழையுங்கள். அந்தச் செய்தி இல்லாவிட்டால் நீர்வறட்சி என்று கருதி மேலும் திரவம் ஏற்றிவிட வாய்ப்புண்டு.

தாகம் எடுக்கும்போது குடிப்பதே பெரும்பாலோருக்குப் போதுமான விதி. நெஞ்சுவலி, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், கறுத்த தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றுக்கு எந்தச் சோதனையும் வேண்டாம், உடனே மருத்துவர்.

## தசைப்பிடிப்பு

நிறுத்தி, பிடித்த தசையை மெல்ல நீட்டிப் பிடியுங்கள். இதுவே மிக விரைவான மருந்து. பழகிய வேகத்தை மீறி ஓட்டியதே பெரும்பாலும் காரணம் என்பதால், மீண்டும் கிளம்பும்போது இலகுவான கியரில் போங்கள்.

## விழுந்தபின் எழுந்து நிற்கிறீர்கள்

வண்டியைப் பார்க்கும் முன் ஆளைப் பாருங்கள். எந்த ஊரிலிருந்து கிளம்பினோம், அடுத்த நிலையம் எது என்று கேளுங்கள். பதில் தடுமாறினாலோ, விழுந்தது நினைவில்லை என்றாலோ, தலைவலியும் குமட்டலும் இருந்தாலோ அன்று அவர் மீண்டும் ஏறக் கூடாது. அவரே வற்புறுத்தினாலும் இந்த விதிக்கு விலக்கில்லை. தலைக்கவசத்தில் அடிபட்டிருந்தால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் அது பணியை முடித்துவிட்டது, புதியது தேவை. தோள்பட்டையை அசைக்க முடியாமல் கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தால் காறை எலும்பு முறிந்திருக்கலாம்.

ஆள் நலமாக இருந்தால் வண்டிக்கு வாருங்கள். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு கைப்பிடி நேராக இருக்கிறதா, இரண்டு சக்கரங்களும் உரசாமல் சுற்றுகின்றனவா, பிரேக்குகள் பிடிக்கின்றனவா, ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் கார்பன் கவையோ கார்பன் கைப்பிடியோ அடிவாங்கியிருந்தால், பயின்றவர் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும்.

## நேரத்துக்குள் முடியாது என்று தெரிகிறது

மேலே சொன்ன எல்லாத் தலைப்புகளிலும் நிறுத்தும் கட்டத்தை எழுதியிருந்தும், பலர் அதைக் கடந்து ஓட்டுவதற்குக் காரணம் ஒன்றே: கொடுத்தவர்களை ஏமாற்றிவிடுவோம் என்ற அச்சம். பெரும்பாலான நன்கொடைகள் ஒட்டுமொத்தத் தொகையாகத் தரப்பட்டவை. துணை வண்டியில் ஏறியதால் அவை திரும்பப் போவதில்லை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று உறுதியளித்தவர்கள் சிலர் இருந்தால், ஓட்டிய தொலைவை அப்படியே அவர்களுக்கு எழுதுங்கள்; நிறுத்திய காரணத்தையும் சேர்த்து எழுதினால் முழுத் தொகையையும் தருபவர்களே மிகுதி என்பதைக் கண்டிருக்கிறேன்.

பாதை மூடும் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொண்டு, மீதித் தொலைவை உங்கள் உண்மையான வேகத்தால் வகுத்துப் பாருங்கள். அதில் நிலையங்களில் நிற்கும் நேரத்தையும் கூட்டுங்கள். கணக்கு இடிக்குமானால், நடுவழியில் இருட்டில் அகப்படாமல், ஒரு நிலையத்திலேயே துணை வண்டிக்குக் காத்திருங்கள். ஏறும்போது உங்கள் பங்கேற்பு எண்ணைப் பதிவாளரிடம் சொல்லியே ஏற வேண்டும். சொல்லாமல் நண்பரின் காரில் வீடு திரும்பிவிட்டால், கடைசியாகப் பாதையைத் துழாவிவரும் தன்னார்வலர்கள் உங்களைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.